கண் மங்கிய மோரிஸ் மைனர்

ஆடி அமாவாசைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், அல்லைப்பிட்டியைத் தாண்டிய இருட்டில், ஒரு பழைய மோரிஸ் மைனர் வேலணை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சாலையில் ஒரு சின்னப் பள்ளம். வண்டி குலுங்கியது. இடதுபக்க ஹெட்லைட் மங்கிப்போனது. அதே நேரத்தில், விளக்கே இல்லாத ஒரு சைக்கிள் காரின் முன்னால் முளைத்தது. பின் சீட்டில் இரண்டு தேங்காய் மூட்டை. பிரேக் மிதித்ததில் மூட்டைகள் முன்னால் வந்து விழுந்தன. சைக்கிள்காரர் ஒற்றைக் காலை ஊன்றி நின்று, வசை எதுவும் சொல்லாமல், "லைற்றைப் பாருங்கோ அண்ணை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாரதிக்கு அதற்கப்புறம் கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் அவர் பயந்தது அன்றைய இரவை நினைத்து அல்ல. அமாவாசை அன்று அதிகாலை நாலு மணிக்கு இதே காரில், இதே இருட்டில் அவர் கீரிமலைக்குப் போயாக வேண்டும்.

கார் அவருடையது இல்லை. வேலணையில் இருந்த ஒரு பெரியவருடையது. பெரியவர் போன வருடம் காலமானார். சாரதி முப்பது வருடமாக அந்தக் காரை ஓட்டிப் பராமரித்தவர். கனடாவிலிருந்து மகன் வந்திருக்கிறார், அப்பாவுக்குக் கீரிமலையில் தர்ப்பணம் செய்ய. ஈழத் தமிழர் வழக்கத்தில் தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. கடலை ஒட்டியே நல்ல தண்ணீர் ஊற்றெடுக்கும் கீரிமலைக் கேணியில் அன்று விடியுமுன்பே கூட்டம் சேர்ந்துவிடும். வாடகைக்கு வேன் பிடிக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மகன் கேட்கவில்லை. "அப்பான்ர காரிலதான் போறது" என்று சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் பழைய ஆங்கிலேயக் கார்கள் இன்றைக்கும் ஓடுவதைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் கையில் போனை எடுத்துவிடுவார்கள். ஆஸ்டின் ஏ போட்டி, சோமசெற், கேம்பிரிட்ஜ், மோரிஸ் மைனர், மோரிஸ் ஆக்ஸ்போர்ட். சில கார்களில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்து நம்பர் பலகை அப்படியே இருக்கிறது. 1957 தொடக்கத்தில் வாகன எண்களில் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் புகுத்தியதும், அதை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் போராட்டம் நடந்ததும் இலங்கை வரலாற்றில் பெரிய அத்தியாயம். இந்தக் கார்களில் பல அதற்கும் மூத்தவை.

அவை ஓடிக்கொண்டிருப்பதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது இருக்கிற காரைப் பழுதுபார்த்து ஓட்டுவதே ஒரே வழி. பிறகு போர். 1990களில் வடக்குக்குப் பெட்ரோலும் பேட்டரியும் தடை செய்யப்பட்டிருந்தன. பெட்ரோலை நாலு சொட்டு விட்டு என்ஜினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. அந்தக் காலத்தைத் தாண்டி வந்த ஒரு காரை, ஹெட்லைட் மங்குகிறது என்பதற்காகக் கொட்டகைக்குள் தள்ளிவிட யாருக்கும் மனம் வராது.

மறுநாள் மத்தியானம் சாரதி காரை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலத்தைத் தாண்டினார். இருபக்கமும் ஆழமில்லாத கடல்நீரேரி, மீன்பிடிக்க நட்ட தடிகள், தடிக்கு ஒரு நீர்க்காகம். எதிரே கோட்டை. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. பகலில் பார்க்க இவ்வளவு அழகான பாதை வேறு கிடையாது. அதே உப்புக்காற்றுதான் கார் வயர்களுக்கு எமன். தீபகற்பத்தில் எந்த மூலையில் நிறுத்தினாலும் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஸ்டான்லி வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், பனையோலை வேலிக்குப் பின்னால் தகரம் போட்ட கராச். அங்கே இருக்கும் எலக்ட்ரீஷியனுக்கு வயது எழுபதுக்கு மேல். உதவிக்கு ஒரு பையன். பையன் ஹைபிரிட் கார்களின் கணினிக் கோளாறுகளைப் போனிலேயே பார்த்துச் சொல்லிவிடுவான். மோரிஸ் மைனர் அவனுக்குப் புதிது.

சாரதி கையோடு இரண்டு புதுப் பல்ப் வாங்கி வந்திருந்தார். பெரியவர் அதை வாங்கி மேசையில் வைத்தார்.

"பல்ப் பிழைச்சால் லைற் எரியாது தம்பி. மங்காது. மங்குது எண்டால் வேற சங்கதி."

முதலில் அவர் ஹெட்லைட் பக்கமே போகவில்லை. பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பார்த்தார். எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இன்றைய கார் எதை எடுத்தாலும் நெகட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அந்தக்கால மோரிஸ், ஆஸ்டின் கார்களில் அது தலைகீழ், பாசிட்டிவ்தான் ஏர்த். பின்னாளில் ரேடியோவுக்காகவும் ஆல்டர்னேட்டருக்காகவும் பலர் மாற்றிவிட்டார்கள். அதனால் எதையும் ஊகிக்க முடியாது, கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். இந்தக் காரில் பழைய ஏற்பாடே இருந்தது. பையனின் மீட்டர் மைனஸ் காட்டியதற்கு அவன் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். "மீற்றர் சரி. கார்தான் உன்ர தாத்தா காலத்துக் கார்" என்றார் பெரியவர்.

அடுத்துச் சாரதியிடம் விசாரணை. எப்போது மங்குகிறது? குலுங்கும்போது. இரண்டுமா? இடது மட்டும்தான் அதிகம். வேறு ஏதாவது?

சாரதி கொஞ்சம் தயங்கினார். "ஒண்டு இருக்கு அண்ணை. சொன்னால் சிரிப்பியள். டிம்மில போகேக்கையும் டாஷ்போர்டில பிரைட் லைற் காட்டுற சின்ன பல்ப் லேசா எரியுது."

பெரியவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கோளாறு எங்கே என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

எப்படி என்பதைப் பையனுக்கு அவர் விளக்கிய விதம் கேட்கத் தகுந்தது. ஒரு ஹெட்லைட் பல்புக்குள் இரண்டு இழைகள். ஒன்று டிம், ஒன்று பிரைட். இரண்டுக்கும் மின்சாரம் வருவது தனித்தனி வயரில். திரும்பிப் போவது ஒரே வயரில், அதாவது ஏர்த்தில். ஊருக்குள் வர இரண்டு சாலை, வெளியேற ஒரே சாலை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வெளியேறும் சாலை அடைபட்டால் மின்சாரம் சும்மா நிற்காது. வேறு வழி தேடும். டிம் இழைக்குள் வந்தது, ஏர்த் கிடைக்காமல், பக்கத்தில் இருக்கும் பிரைட் இழைக்குள் புகுந்து பின்பக்கமாகப் பயணம் போகிறது. அந்த வயர் வழியாக அடுத்த பக்க ஹெட்லைட்டின் பிரைட் இழைக்கும், டாஷ்போர்டின் சின்ன பல்புக்கும் போய், அங்கே ஏர்த்தைப் பிடித்துக்கொள்கிறது. 12 வோல்ட் ஒரு இழைக்குக் கிடைக்க வேண்டியது, மூன்று இழைகளுக்குப் பங்கு பிரிந்துவிடுகிறது. அதனால்தான் இடது விளக்கு மங்கல், வலது விளக்கில் எரியக்கூடாத இழை மினுக்கம், டாஷ்போர்டில் பேய் வெளிச்சம்.

ஆக, அந்தச் சின்ன பல்ப் மினுக்கம் கோளாறு அல்ல. கோளாறைக் காட்டிக்கொடுத்த சாட்சி. இந்த ஒரு அடையாளம் தெரியாமல் எத்தனையோ பழைய கார்களில் ஸ்விட்சையும் பல்பையும் மாற்றிப் பணத்தை இறைக்கிறார்கள்.

சோதனை செய்ய ஒரு துண்டு வயர் போதும். ஒரு நுனியை பேட்டரியின் ஏர்த் முனையில் பிடித்து, மறுநுனியை இடது ஹெட்லைட்டின் ஏர்த் வயரில் வைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. வயரை எடுத்தார், மங்கியது. வைத்தார், எரிந்தது. சாரதி குழந்தை மாதிரி அதை இன்னொரு தடவை செய்யச் சொன்னார்.

ஏர்த் எங்கே அறுந்தது? மட்கார்டுக்குள் கையை விட்டுத் தடவியபோது கறுப்பு வயர் முழுதாக இருந்தது; நுனி வளையமும் திருகும்கூடப் புத்தம் புதிது. பிரச்சினையே அதுதான். மகன் வருகிறார் என்று ஆனி மாதம் காருக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்டர் மட்கார்டைக் கழற்றி, உள்ளும் புறமும் அழகாக அடித்து, காய்ந்த பெயின்ட் மேலேயே ஏர்த் வளையத்தை வைத்து முடுக்கிவிட்டார். பெயின்டுக்குள் மின்சாரம் போகாது. திருகின் மரை எங்கோ ஒரு புள்ளியில் இரும்பைத் தொட்டதால் இத்தனை நாள் ஒப்பேறியது. பள்ளத்தில் விழுந்ததும் அந்தத் தொடுப்பும் விட்டுப்போனது.

"பெயின்ற் வடிவா அடிச்சிருக்கினம்" என்றார் பெரியவர். அதில் பாராட்டு எவ்வளவு, கேலி எவ்வளவு என்று சொல்ல முடியாது.

ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். கிரீஸ் உப்புக்காற்றுக்காக. மொத்தம் பதினைந்து நிமிடம். டாஷ்போர்டுப் பேய் மறைந்துவிட்டது.

சாரதி பணத்தை எடுத்தார். பெரியவர் உட்காரச் சொல்லிப் பையனைப் பிளேன்டீ வாங்க அனுப்பினார். இரண்டு விளக்கும் சமமாக எரிகின்றன, சரிதான். ஆனால் இரண்டுமே மஞ்சளாக எரிகின்றன. நாலு மணி இருட்டுக்கு இது போதாது.

மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். விளக்கு எரியும்போது பேட்டரியில் 12 வோல்ட். ஹெட்லைட்டில் 10.5 தான் வந்து சேருகிறது. ஒன்றரை வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்க்கணக்கில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறையும். அந்த ஒன்றரை வோல்ட் போனால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். கண் கெட்டுவிட்டது என்று கண்ணாடி மாற்றிய பழைய கார்க்காரர்கள் இருக்கக்கூடும்.

இப்போது வயரைப் பின்தொடர வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்த லூகாஸ் நிறுவனம்தான் இந்தக் கார்களுக்கு மின்சாதனம் செய்தது. ஜோசப் லூகாஸ் சைக்கிளுக்கு எண்ணெய் விளக்கு விற்றுப் பேர் வாங்கியவர். அவர் பெயரால் வந்த கார் விளக்குகள் அடிக்கடி அணைந்ததால் ஆங்கிலேயர்களே அவருக்கு இருட்டின் இளவரசன் என்று பட்டம் கொடுத்துச் சிரித்தார்கள். அறுபது எழுபது வருடம் கழித்தும் ஏர்த்தைச் சுத்தம் செய்தால் எரிகிற விளக்கைச் செய்தவருக்கு அந்தப் பட்டம் கொஞ்சம் அநியாயம்தான்.

லூகாஸ் செய்த ஒரு பெரிய உபகாரம், வயர் நிறங்கள். பழுப்பு பேட்டரியிலிருந்து வருவது. நீலம் ஹெட்லைட் ஸ்விட்சிலிருந்து காலடி டிம் ஸ்விட்சுக்கு. அங்கிருந்து நீலத்தில் வெள்ளைக்கோடு பிரைட்டுக்கு, நீலத்தில் சிவப்புக்கோடு டிம்முக்கு. சிவப்பு பார்க்கிங் விளக்குக்கு. கறுப்பு ஏர்த். நூல் சுற்றிய பழைய வயரில் நிறமெல்லாம் ஒரே அழுக்காகத் தெரியும். முனையில், உறைக்குள் மறைந்திருக்கும் கடைசி ஒரு இஞ்சை வெளியே இழுத்துத் துடைத்தால் நிறம் அப்படியே இருக்கும். பையன் அதைச் செய்து பார்த்து, நீலம் தெரிந்ததும் படம் எடுத்துக்கொண்டான்.

மோரிஸ் மைனரில் டிம் ஸ்விட்ச் தரையில், இடது காலுக்கு அருகே இருக்கும். மழையில் நனைந்த செருப்பு, கோயில் மணல், கடற்கரை மணல் எல்லாம் அதன் தலையில்தான் விழும். பெரியவர் விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டு, அந்த ஸ்விட்சைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சூடாக இருந்தது. ஸ்விட்ச் சூடாகிறது என்றால் ஹெட்லைட்டுக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கே அடுப்பெரிக்கிறது. மீட்டரும் அதையே சொன்னது. ஒன்றரை வோல்ட்டில் பாதிக்கு மேல் அந்த ஸ்விட்சிலேயே தொலைந்தது. மீதி, பானெட்டுக்குள் வயர்கள் சேரும் இடத்தில். தோட்டா மாதிரி பித்தளை முனைகளை ஒரு குழாய்க்குள் இருபுறமும் செருகுகிற இணைப்பு அது. இழுத்தால் பச்சைக் களிம்போடு வந்தது.

ஸ்விட்சைப் பிரித்துச் சுத்தம் செய்யலாமா, புதிது போடலாமா? கொழும்பிலிருந்து வரவழைத்தால் நாளைக்குள் வராது. மைனருக்கு உதிரிபாகம் இலங்கைக்குப் புதிதல்ல. 1990களில் இங்கிலாந்துக்காரர்களுக்கே மைனர் உதிரிபாகங்கள் இலங்கையில் செய்து அனுப்பப்பட்டன. ஆனால் அமாவாசை காத்திருக்காது. பெரியவர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். அதற்குள் உடைத்த ஆஸ்டின்களிலிருந்து கழற்றிய டிம் ஸ்விட்ச்கள் நாலு. ஒன்று தேறியது.

சாரதிக்கு ஒரு ஆசை. கடையில் 100 வாட் பல்ப் இருக்கிறதாம், பகல் மாதிரி அடிக்குமாம், போட்டால் என்ன?

இதற்கு மட்டும் பெரியவர் குரலை உயர்த்தினார். இந்தக் காருக்கு அந்தக் காலத்தில் வந்தது 42 வாட் பல்ப். இரண்டுக்கும் சேர்த்து 7 ஆம்பியர். 100 வாட் இரண்டு போட்டால் 17 ஆம்பியர். காரின் டைனமோவே கிட்டத்தட்ட அவ்வளவுதான் தரும். அதிலும் என்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ எதையும் தராது. பேட்டரி வற்றும். அதைவிடப் பெரிய விஷயம், மைனரில் ஹெட்லைட் வயருக்கு ஃபியூஸே கிடையாது. வயர் சூடேறி உருகினால் தடுக்க நடுவில் ஒன்றும் இல்லை. "வெளிச்சம் வரும். பிறகு நெருப்பு வரும்."

அதற்குப் பதிலாக ஒரு ஃபியூஸும் இரண்டு ரிலேயும் போட்டார். ரிலே போட்டால் பழைய ஸ்விட்ச் வழியாக உத்தரவு மட்டும்தான் போகும். பாரம் பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்குப் போகும். பழைய காரின் அசல் தன்மை கெட்டுவிடும் என்று இதற்கு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. கண்காட்சியில் நிற்கிற காருக்கு அது நியாயம். தேங்காய் மூட்டை ஏற்றி ராத்திரியில் போகிற காருக்கு ரிலேதான் நியாயம்.

எல்லாம் முடிந்தபோது மீட்டர் ஹெட்லைட்டில் 11.6 காட்டியது. அரை வோல்ட்டுக்குள் இழப்பு இருந்தால் பழைய காருக்கு அது நல்ல மதிப்பெண். இருட்டியதும் காரை எதிர்ச் சுவருக்கு முன் நிறுத்தி, வெளிச்சத்தின் உயரத்தைத் திருகித் திருகிச் சரிசெய்தார்கள். டிம் வெளிச்சம் இடப்பக்கம் சாய வேண்டும். இலங்கையில் வண்டி ஓடுவது இடப்பக்கம். ஐரோப்பாவிலிருந்து வாங்கிப் போட்ட சில கண்ணாடிகள் வலப்பக்கம் சாய்ந்து எதிரே வருகிறவர் கண்ணைப் பறிப்பதுண்டு. இதில் அந்தக் குறை இல்லை.

கூலியைச் சொல்லும்போது பெரியவர் இறந்துபோனவரைப் பற்றிக் கேட்டார். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய இதே காரை இங்கே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார் அவர். ஏர்த்தும் அப்போது ஒருமுறை இவர்தான் சரிசெய்தார். "அவர் என்ர காசைக் குடுத்திட்டுத்தான் போனவர்" என்று சொல்லிக் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டார். புதுப் பல்ப் இரண்டும் பெட்டி பிரிக்காமல் திரும்பிப் போயின.

அமாவாசையன்று நாலு மணிக்கு மைனர் வேலணையிலிருந்து புறப்பட்டது. முன் சீட்டில் மகன், மடியில் எள்ளும் தர்ப்பையும் வைத்த பை. மண்கும்பான், அல்லைப்பிட்டி. நிலா இல்லை. சாலை ஓரத்துப் பனைகளின் அடிமரம் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குள் வந்து பின்னால் போனது. தூரத்தில் ரோட்டின் நடுவே படுத்திருந்த இரண்டு மாடுகள் நூறு அடிக்கு முன்பே தெரிந்தன. சாரதி ஹாரன்கூட அடிக்காமல் வேகத்தைக் குறைத்து, சுற்றிக்கொண்டு போனார்.

மகன் டாஷ்போர்டைப் பார்த்தார். "சின்ன வயசில இதில ஒரு லைற் எப்பவும் மினுங்கும். அப்பா ஏன் அதைத் திருத்தேல்லை எண்டு நினைக்கிறனான்."

"அப்ப திருத்தினவர் தம்பி. திரும்பவும் போச்சுது. இப்பவும் திருத்தியாச்சு."

பண்ணைப் பாலம் ஏறும்போது எதிரே ஒரு பஸ் வந்தது. சாரதி இடது காலால் தரையிலிருந்த ஸ்விட்சை மிதித்தார். டக்கென்று வெளிச்சம் தாழ்ந்து இடப்பக்கம் சாய்ந்தது. பஸ்ஸும் தன் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு கடந்துபோனது.